யந்திரத்தின் உஷ்ணங்காட்டும் முள்ளைச் சோதித்தல்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் கோடை மழை ஒன்றிரண்டு பெய்தவுடன் மேட்டு நிலங்களை உழுது ஆறப்போடுவது நெடுநாளைய வழக்கம். முன்னர் ஏரும் எருதும் செய்த அவ்வேலையை இந்நாளில் பெரும்பாலும் டிராக்டர் செய்கின்றது. எருது களைத்தால் நுரை தள்ளும், மூச்சு வாங்கும், நடை தளரும். உழுகிறவன் அதைக் கண்டு ஏரை நிறுத்தி நிழலில் கட்டுவான். யந்திரத்தின் களைப்பை அறிவதற்கோ, ஓட்டுபவனுக்கு எதிரேயுள்ள பலகையில் விரற்கடை நீளமுள்ள ஒரு முள்ளே உண்டு. அம்முள் மெய் சொல்லுகின்றதா என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இப்பிரதேசத்தில் யந்திர ஞானத்துக்குக் குறைவில்லை. 1997 ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்பெற்றது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வெளி மாகாணங்களுக்கெல்லாம் சென்று வருகின்றன. அவ்வாறிருந்தும், எண்ணெய் பார்ப்பதும் சக்கரத்துக்குக் காற்றுப் பார்ப்பதும் போல் இம்முள்ளைப் பார்க்கும் பழக்கம் ஏற்படவில்லை. அது அசையும் வரையில் சரியாகவே இருக்கின்றது என்று எண்ணிவிடுகின்றனர்.

முள் தவறும்போது இரண்டு விதமாகத் தவறலாம். உள்ளதற்கு மேலாகக் காட்டினால், கெடாத யந்திரத்தைப் பிரித்து வீண் செலவு நேரும். உள்ளதற்குக் கீழாகக் காட்டினால் யந்திரமே போய்விடும். தண்ணீர் கொதித்து வற்ற, சைலிண்டர் ஹெட் வளைந்து, காஸ்கெட் கருகி, எண்ணெயில் தண்ணீர் கலந்து அது மோர்போல் வெளுக்கும். அதற்கு மேலும் ஓட்டினால் பிஸ்டன் பருத்துச் சைலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இரண்டிலும் பின்னதே பெருங்கேடு என்பது வெளிப்படை. ஆனால் முன்னதும் அற்பமானதன்று. எப்பொழுதும் மிகையாகக் காட்டும் முள்ளை ஓட்டுநர் சில நாட்களில் மதியாது விட்டுவிடுவர்; பிறகு மெய்யாகவே யந்திரம் கொதிக்கும் நாளிலும் "அது அப்படித்தான் காட்டும்" என்று சொல்லி ஓட்டிக்கொண்டே போவர்.

முள் எதைக் காட்டுகின்றது

மோட்டார் வண்டிகள் தோன்றிய ஆதிகாலத்தில் முள்ளும் பலகையும் இல்லை. 1912 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஹாரிஸன் பாய்ஸ் என்பவர் பேடண்டு பெற்ற உஷ்ணமானி ஒன்று, ரேடியேட்டர் மூடியின் மேலேயே பொருத்தப்பட்டது. ஓட்டுபவர் கண்ணாடி வழியே பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு அது வண்டியின் மூக்கின்மேல் நின்றது. அக்கருவி தண்ணீரின் சூட்டை நேராக அளக்கவில்லை. தண்ணீருக்கு மேலுள்ள ஆவியின் சூட்டையே அளந்தது. இக்காலத்து முள்ளைப் பற்றி அறிய விரும்புவோரும் இந்த விஷயத்தை மனத்திலிருத்துதல் நலம். எந்த முள்ளும் யந்திரத்தின் சூட்டைக் காட்டுவதில்லை. தன்னுடைய குமிழ் எதில் தோய்ந்திருக்கின்றதோ அதன் சூட்டையே காட்டுகின்றது.

பழைய டிராக்டர்களிலும் எண்ணெய் யந்திரங்களிலும் குமிழிலிருந்து பலகை வரையில் மயிரிழை போன்ற துவாரமுள்ள செப்புக் குழாய் ஒன்று ஓடும். குமிழினுள் எளிதில் ஆவியாகும் திரவம் அடைபட்டிருக்கும். சூடேற ஆவியின் அழுத்தம் மிகுந்து, பலகையிலுள்ள வளைந்த குழாயை நிமிர்த்தி முள்ளைத் தள்ளும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் அக்குழாய் எங்காவது மடிந்தாலும் உராய்ந்து துவாரம் விழுந்தாலும் கருவி முழுதும் வீணே. ஒட்டிப் பயன்படுத்த இயலாது.

பிந்திய யந்திரங்களில் பெரும்பாலானவை மின்சார வகையைச் சேர்ந்தவை. பட்டறைகளில் சென்ஸார் என்று வழங்கும் பித்தளைத் திருகு ஒன்று சைலிண்டர் ஹெட்டில், தண்ணீர் வெளிவரும் வழியில் முடுக்கப்பட்டிருக்கும். அதனுள் இருக்கும் சிறு வில்லை சூடேற ஏற மின்சாரத்துக்குத் தடை குறைந்து வழிவிடும் இயல்புடையது. மிகுதியாக மின்சாரம் ஓடினால் முள் சூட்டுப் பக்கம் சாயும். ஆகவே ஒயர் அறுந்தால் முள் குளிர்ப் பக்கத்திலேயே படுத்துவிடும். ஒயர் தோல் உரிந்து இரும்பைத் தொட்டால் முள் ஒரேயடியாகச் சிவப்புக் கோட்டைத் தாண்டும். துருவேறிய எர்த் இணைப்போ, இரண்டுங் கெட்டான் நிலையை உண்டாக்கும்: முள் வழக்கம்போல் ஏறும், ஆனால் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. கீழாகக் காட்டும் முட்களுக்கு இது ஒரு சாதாரணமான காரணம். உழவு யந்திரம் மழையிலும் சேற்றிலும் நிற்பதால் இது எளிதில் நேர்கின்றது.

பழைய வண்டிகள் சிலவற்றில் டீசல் அளவு காட்டும் முள்ளுக்கும் இம்முள்ளுக்கும் ஒரே மின்னழுத்தச் சீராக்கி இருக்கும். இரண்டு முட்களும் ஒன்றாகவே உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால், யந்திரத்தில் கை வைக்கு முன்னர் அதனைப் பார்க்க வேண்டும்.

கொதிநீர்ச் சோதனை

உஷ்ணமானியின் அளவு முறை என்பதே பனிக்கட்டி உருகும் நிலை ஒன்று, தண்ணீர் கொதிக்கும் நிலை ஒன்று, இவ்விரண்டையும் கொண்டு எழுந்தது. ஸ்வீடன் தேசத்துச் செல்ஸியஸ் 1742 ஆம் ஆண்டில் இவற்றுக்கிடையே நூறு பாகம் வகுத்தார். அவர் கொதிநிலையைப் பூஜ்யமாகவும் உறைநிலையை நூறாகவும் வைத்ததைப் பின்வந்தோர் தலைகீழாக்கினர். இவ்விரு நிலைகளையும் எந்தக் குடியானவர் வீட்டிலும் உண்டாக்கலாம். ஆகையால் முள்ளைச் சோதிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் நம்பத்தக்க உஷ்ணமானி ஒன்று வேண்டும். 110 டிகிரி வரை கோடிட்ட கண்ணாடி உஷ்ணமானி மேல்நிலைப் பள்ளிகளின் சோதனைச் சாலைகளில் இருக்கும். ஒரு நாளைக்கு இரவல் கேட்கலாம். காய்ச்சல் பார்க்கும் உஷ்ணமானியை ஒருபோதும் கொதிநீரில் இடலாகாது. அது 42 டிகிரியோடு முடிவதால் வெடித்துப்போகும். இரவல் வந்த கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் சில நிமிஷம் வைத்தால் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பிறகு கொதிநீரில் பார்க்க வேண்டும்.

கொதிநீர் நூறு டிகிரி என்று பள்ளியில் படித்தது கடலோரத்துக்கே சரியானது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைகின்றது. சேலம், நாமக்கல் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் இருநூறு முதல் முந்நூறு மீட்டர் வரை உள்ளதால், இங்கே தண்ணீர் சுமார் 99 டிகிரியில் கொதிக்கும். இந்த ஒரு டிகிரியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வண்டியைச் சோதிப்பவர் மட்டும் 95 டிகிரியையே கொதிநிலையாகக் கொள்ளுதல் வேண்டும். கொல்லிமலையின் மேலேயும் 96 டிகிரியளவில்தான் கொதிக்கும்.

சோதனையைக் காலையில், யந்திரம் முந்தின இரவு முழுதும் ஆறியிருக்கும்போது தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது கொலைக்கு ஒப்பானது. அடைபட்டுள்ள தண்ணீர் மூடி கழன்ற கணமே ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் மார்பையும் வேக்காடாக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கும் பட்டறை வழக்கமும் நிச்சயமான பாதுகாப்பாகாது.

ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்து, சென்ஸார் இருக்கும் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கும் வரையில் ஒரு சுத்தமான பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு, பின் சென்ஸாரைக் கழற்ற வேண்டும். ஒயரை அதன் தலையிலேயே விட்டுவிடலாம். திருகின் உடம்பைத் தனியாக ஓர் ஒயரால் யந்திரத்தின் இரும்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். இதை மறந்தால் மின்சாரம் சுற்று முடியாமல் முள் அசையாது, நல்ல கருவியைக் கெட்டதென்று எறிய நேரும். டிராக்டரின் பக்கத்தில் அடுப்பு வைத்துப் பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சி, குமிழ் முழுதும் அமிழும்படியும், ஒயர் மாட்டும் தலை நனையாதபடியும் கம்பியில் தொங்கவிட வேண்டும். குமிழோ உஷ்ணமானியோ பாத்திரத்தின் அடியைத் தொடலாகாது. அடியிலுள்ள தகடு தண்ணீரைவிடச் சூடானது. டீசலும் எண்ணெய்க் கந்தலும் அடுப்புக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சாவியைத் திருப்பி மின்சாரம் விட்டு, யந்திரத்தை ஓட்டாமலே முள்ளைக் கவனிக்கலாம்.

தண்ணீரை அடிக்கடி கலக்கிக்கொண்டே 50, 60, 70, 80, 90 டிகிரிகளிலும் கொதிக்கும்போதும் முள் நிற்கும் இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் தீயைத் தணித்து ஒரு நிமிஷமாவது பொறுப்பது அவசியம். முள் மெதுவாக ஏறும் தன்மையுடையது. அவசரப்படுகிறவர் முள்ளின் சோம்பலையே அதன் பிழையாக எண்ணிக்கொள்வர். பிறகு அடுப்பை அணைத்துத் தண்ணீர் ஆறும்போதும் அதே இடங்களில் பார்க்க வேண்டும். ஏறும்போதைய குறிப்பைவிட இறங்கும்போதைய குறிப்பே நம்பத்தக்கது. ஆறுதல் மெதுவாக நிகழ்வதால் குமிழும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கும்.

உதாரணமாக, தண்ணீர் 60 டிகிரியில் இருக்கும்போது முள் 50-லும், 80-இல் இருக்கும்போது 68-லும், கொதிக்கும்போது 85-லும் நின்றதாக வைத்துக்கொள்வோம். இந்த யந்திரத்தை ஓட்டுபவர் முள் 85-இல் இருப்பதைக் கண்டு "நடுவில்தான் நிற்கின்றது" என்று நிம்மதியாக உழுதுகொண்டிருக்கையில், உள்ளே இருப்பதோ திறந்த பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்கும் சூடு. எர்த் இணைப்பைச் சுரண்டித் துலக்கியும், வேறு சென்ஸார் மாட்டியும் இப்பிழை தீராவிட்டால், பலகையின் கண்ணாடிமேல் மெய்யான கொதிநிலைக்குரிய இடத்தில் சிவப்பு வர்ணத்தால் மெல்லிய கோடு ஒன்று இட்டுவிடலாம். பிழை என்றும் ஒரே அளவாக நிற்குமானால், தவறான முள்ளும் நல்ல முள்ளுக்குச் சமானமே. ஒருநாள் ஒருவிதமும் மறுநாள் வேறுவிதமும் காட்டுவதுதான் உதவாதது. மாற்றும் சென்ஸார் அந்த யந்திரத்துக்கே உரியதாயிருக்க வேண்டும். திருகு பொருந்துவதைக் கொண்டு வாங்கினால் தடையின் அளவு மாறிப் புதுப் பிழை தோன்றும்.

99 டிகிரிக்கு மேலும் சோதிக்க விரும்புவோர், இனிக் கரையாது என்னுமளவுக்கு உப்பிட்ட தண்ணீரைக் காய்ச்சினால் அது சுமார் 108 டிகிரி வரை ஏறும். சூடான எண்ணெயில் சோதிப்பதைவிட இது அபாயம் குறைந்தது. முடிந்தபின் குமிழை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

முள்ளின் எண்கள் பாரன்ஹீட் அளவிலா செல்ஸியஸ் அளவிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பழைய அந்நிய யந்திரங்களின் பலகையில் 180 என்று கண்டால் அது 82 செல்ஸியஸ்தான். 212 என்பதே கொதிநிலை. சில பலகைகளில் எண்ணே இல்லாமல் பச்சை, சிவப்பு என்று வர்ணம் மட்டும் இருக்கும். புதுக் கார்கள் பலவற்றில் யந்திரச் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கின்றனர். ஓட்டுபவர் வீணே கலங்காமலிருக்கவாம். அத்தகைய வண்டிகளில் மேற்சொன்ன முறையைக் கையாளலாகாது. கணிப்பொறியோடு இணைக்கும் சிறு கருவியைப் பட்டறையில் மாட்டினால் மெய்யான எண் தெரிந்துவிடும்.

கழற்றாமல் பார்த்தல்

சென்ஸாரைக் கழற்ற விரும்பாதவர்க்குச் சுருக்கமான வழியொன்றுண்டு. தண்ணீர் வழியில் தெர்மோஸ்டாட் என்னும் கதவு இருக்கின்றது. அதன்மேல் 82 என்றோ 88 என்றோ எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் அது திறக்கத் தொடங்கும். குளிர்ந்த யந்திரத்தை ஓட்டிவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருந்தால், சற்று நேரம் குளிர்ந்திருந்து பிறகு திடீரென்று சூடாகும். அப்பொழுது முள் அந்த எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். விசிறியினின்றும் பெல்ட்டினின்றும் கையும் வேட்டியும் விலகியிருத்தல் அவசியம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் தப்பான வழக்கமுள்ள வண்டிகளில் இச்சோதனை பலிக்காது. விடியற்காலையில் முள் அடியில் கிடப்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்வதும் பயனற்றது. பல பலகைகள் 40 டிகிரியிலிருந்தே தொடங்குவதால் அவ்வேளையில் நல்ல முள்ளும் கெட்ட முள்ளும் ஒன்றாகவே உறங்கும்.

கையில் பிடித்துக் குறி பார்க்கும் கதிர் உஷ்ணமானிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. பளபளக்கும் உலோகத்தின்மேல் காட்டினால் அவை மிகக் குறைவான எண்ணைச் சொல்லும். கருப்பு நாடாவை ஒட்டி அதன்மேல் காட்டுதல் வேண்டும். அதுவும் சென்ஸார் முடுக்கியுள்ள இடத்துக்கு அருகிலேயே காட்ட வேண்டும். ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி இயல்பாகவே மேற்பகுதியைவிடக் குளிர்ந்தது. அங்கே அளந்துவிட்டு முள்ளின்மேல் குற்றஞ் சாட்டுவது நியாயமன்று.

நல்ல முள்ளும் ஏமாற்றும் சமயங்கள்

சோதனையில் தேறிய முள்ளும் ஒரு சமயத்தில் மோசம் செய்யும். ஹோஸ் வெடித்தோ, பம்பு ஒழுகியோ தண்ணீர் இறங்கிவிட்டால் குமிழ் வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கின்றது. அவை தண்ணீரைப்போல் உஷ்ணத்தை விரைவாகக் கொடுப்பதில்லை. இரும்பு கன்றிக்கொண்டிருக்க முள் அசையாமலிருக்கும்; சில சமயம் ஏறியிருந்த முள் இறங்கவுஞ் செய்யும். வேலை நடுவில் காரணமின்றி முள் இறங்குவதைக் கண்டால் ஏறுவதைக் கண்டதைவிட அதிகமாக அஞ்சி யந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தியவுடன் குளிர்ந்த தண்ணீரை ஊற்றலாகாது, ஹெட் வெடிக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டுப் பின்னரே மூடியைத் தொடலாம்.

ரேடியேட்டர் மூடியும் முள்ளோடு சம்பந்தப்பட்டதே. மூடியிலுள்ள சுருள் வில் உள்ளே அழுத்தத்தை நிறுத்தி வைப்பதால் தண்ணீர் 99 டிகிரியில் கொதியாமல், மூடியின் வலிவுக்குத் தக்கபடி 110 டிகிரிக்கு மேலும் பொறுக்கும். ரப்பர் தேய்ந்த மூடியானால் அத்தாங்கு சக்தி போய்விடும். அப்பொழுது முள் சிவப்பைத் தொடாமலிருக்கத் தண்ணீரோ கொதித்து வழியும். இதில் முள்ளின் குற்றம் ஒன்றுமில்லை.

இந்தப் பக்கத்துக் கிணற்று நீர் இதில் ஒரு தனிச் சங்கடம். கடும்பாறைப் பூமியில் ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்பும் மக்னீஷியமும் கலந்த உப்பு நீர். வீட்டில் வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் படியும் வெள்ளைக் காறையே ரேடியேட்டரிலும் சென்ஸாரின் குமிழிலும் படிகின்றது. காறை பிடித்த குமிழ் தாமதித்துச் சூடேறும். யந்திரம் விரைந்து கொதிக்கும்போது முள் பின்தங்கி நிற்கும். பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் குமிழைப் புளிக் கரைசலில் ஊறவைத்துத் துணியால் தேய்த்தால் காறை கழலும். கத்தியால் சுரண்டக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பதிலாகச் சேமித்த மழை நீரையோ வாலை நீரையோ, கம்பெனியார் விதித்த கூலண்ட் திரவத்துடன் விடுவது உத்தமம்.

மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் இதற்கு நேர்மாறான அனுபவம் ஏற்படும். ஓரிடத்திலேயே நிறுத்தி யந்திரத்தால் கதிரடிக்கும்போது எதிர்க்காற்று இல்லை. பறக்கும் உமியும் தூசியும் ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். முள் மெய்யாகவே ஏறும். "மீட்டர் கெட்டுவிட்டது" என்று அப்பொழுது ஓட்டுநர் சொல்வதை உடையவர் ஏற்கலாகாது. முன்பே சோதித்து எழுதி வைத்த குறிப்புத் தாள் இருந்தால் இவ்வழக்கு ஒரு நிமிஷத்தில் தீரும். இல்லாவிடில் களத்து மேட்டிலே வாக்குவாதந்தான் நடக்கும்.

வாடகை யந்திரங்கள் விஷயத்தில் அத்தாள் இன்னும் அவசியமாகின்றது. சொந்தக்காரர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், நிலத்துக்குரியவர் ஒருவர் என்றிருக்கும்போது யந்திரம் தீய்ந்துபோனால் யார் பொறுப்பு என்ற சச்சரவு எழுந்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னும் கிராம நிர்வாக அலுவலர் முன்னும் வந்து நிற்கின்றது. முள் சிவப்புக்குப் போயிற்று, ஓட்டுநர் கவனிக்கவில்லை என்பார் ஒருவர். முள் அசையவே இல்லை என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மையாயிருக்கக் கூடும். யந்திரங்களை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்களும் தனி நபர்களும், ஒவ்வொரு உழவுப் பருவத்தின் தொடக்கத்திலும் கொதிநீர்ச் சோதனை நடத்தி, தேதியையும், கொதிக்கும்போது முள் நின்ற இடத்தையும் வாடகைப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி, எடுத்துச் செல்பவரின் கையெழுத்தைப் பெற்றுவைப்பது நலம். அதற்கு ஆகும் செலவு ஒரு கட்டு விறகும் அரை நாள் பொழுதுமே.